ஐந்தாம் எண் குப்பி

ஊதா மூடி போட்ட குப்பியில் 'ஐந்து' என்று அவள் மறுபடியும் எழுதினாள்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் இதே கொட்டகையில் இதே எண்ணை எழுதியிருக்கிறாள்.

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். உண்ணி கடித்து மாட்டின் ரத்தத்தில் ஏறுகிற ஒட்டுண்ணியை மரபணுச் சோதனையில் கண்டுபிடிப்பது அவளுடைய ஆய்வு. ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தாள். போன இடமெல்லாம் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப்புக்குத் தப்பினாலும் இந்தச் சோதனைக்குத் தப்பாது என்று.

நாச்சாயியிடமும் அப்படித்தான் சொன்னாள்.

நாச்சாயிக்கு இருப்பது இரண்டே மாடுகள். கருப்பி பரம சாது. கழுத்தில் ஊசி இறங்கியதுகூடத் தெரியாமல் அசை போட்டுக்கொண்டிருந்தது. செவலை அந்த ரகமில்லை. முதல் உதையில் குப்பி பறந்துபோய் உடைந்தது. இரண்டாவது உதை அவள் முழங்காலில் விழுந்தது.

காலைக் கட்டக் கயிறு கொண்டுவர நாச்சாயி வீட்டுக்குள் போனாள்.

வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

அவள் கருப்பியின் கழுத்திலேயே இன்னொரு குப்பியையும் நிரப்பினாள். 'ஐந்து' என்று எழுதினாள்.

கயிற்றோடு வந்த நாச்சாயியிடம், "ஆயிருச்சுங்க" என்றாள்.

எத்தனையோ மாடுகளில் ஒரு மாடு. அப்படித்தான் அன்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் நான்காம் எண்ணுக்கு நேராகப் பட்டை தெரியவில்லை. ஐந்தாம் எண்ணுக்கும் தெரியவில்லை. பட்டை தெரிந்தால் நோய். தெரியாவிட்டால் இல்லை.

நான்கு கருப்பியுடையது. ஐந்தும் கருப்பியுடையதுதான்.

இரண்டு மாடுகளுக்கும் 'கிருமி இல்லை' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். கையெழுத்து அழகாகவே வந்திருந்தது.

நேற்றுக் காலையில் நாச்சாயி போன் செய்தாள்.

"செவலை மூணு நாளாத் தீனி எடுக்கறதில்லீங் அம்மிணி. டாக்டரு உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னாருங். நாந்தான் உங்க காயிதத்தக் காட்டி, அதெல்லாம் இருக்காதுன்னு சொல்லிப்போட்டனுங்."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

உடனே அந்த டாக்டரை அழைத்து, முடிவு தவறு, மருந்தை ஆரம்பித்துவிடுங்கள் என்றாள். எப்படித் தவறியது என்று அவர் கேட்டார். லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டாள்.

இன்று பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் அதைச் சொன்னாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க. மறுபடியும் ரத்தம் எடுக்கணும்."

நாச்சாயி தலையாட்டினாள். செவலையின் நெற்றியைத் தடவியபடியே சொன்னாள்.

"அன்னிக்குக் கயித்தோட வரயில பாத்தனுங். கருப்பிகிட்டயே ரெண்டு வாட்டி எடுத்தீங்க. படிச்சவங்க, அதுக்கும் ஏதோ ஒரு முறை இருக்கும்னு நெனச்சுக்கிட்டனுங்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்து ஊசியை எடுத்தாள். அந்தக் கயிறு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சாயி அதை எடுக்கப் போகவில்லை.

செவலையின் காலுக்கு எட்டுகிற தூரத்தில் முழங்காலை வைத்துக்கொண்டே அவள் ஊசியைக் கழுத்தில் இறக்கினாள்.

ஒரு உதை விட்டால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

குப்பி மெல்ல நிரம்பியது. செவலை கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றது.