தலையணையில் விழுந்த நன்மை

நன்மை ரோச்சின் நாக்கில் தங்கவில்லை.

ஃபாதர் ஜாய்சன் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை நகத்தளவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு ஊட்டியிருந்தார். தண்ணீர் இறங்கவில்லை. எச்சிலும் வாய்ப்புண்ணின் ரத்தமுமாக உதட்டோரம் வழிந்தது. அதோடு அப்பமும் வெளியே வந்து தலையணையில் விழுந்தது.

முழங்காலில் இருந்த, தெருவின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

ரோச் சங்கு குளித்தவன். கம்ப்ரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு கடலடியில் நடந்தவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே ஏறியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அன்றிலிருந்து கட்டில்தான். இப்போது படுக்கைப்புண் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

கூட முங்கியவர்கள் முதலில் வந்து பார்த்தார்கள். அப்புறம் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மட்டும் அப்படியில்லை. அன்றைக்குச் சாமியார் நன்மை கொண்டுவருவார். மெழுகுதிரியோடு ஷெர்லியும் மற்றப் பெண்களும் கூட வருவார்கள். தெருவில் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். இயேசு வரும்போதுதான் அந்த வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்.

"இந்த நாத்தம் பிடிச்ச ரூமுக்கு வாறதுக்கு அவரு ஒருத்தராவது இருக்காருல்லா," என்பான் ரோச். வியாழக்கிழமையே மனைவியிடம் முகம் மழித்துவிடச் சொல்வான். அவள் முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைத் துடைத்து வைப்பாள். செபங்களுக்கு எல்லாரையும் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் அவள்தான்.

விழுந்த நற்கருணையை அப்படியே விட முடியாது. சாமியார்தான் எடுக்க வேண்டும். ஃபாதர் ஜாய்சன் கையை நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

அவர் பங்குக்கோவிலுக்குப் புதிது. இளவயது. தலையணையில் கிடந்ததைப் பார்த்தார். அதைச் சுற்றிப் படர்ந்திருந்த ஈரத்தைப் பார்த்தார். குமட்டலை அடக்கிக்கொண்டது தொண்டையில் தெரிந்தது.

அதை ரோச் பார்த்துவிட்டான்.

அவன் பார்த்ததை மனைவி பார்த்தாள். அந்த அறைக்குள் வந்து மூக்கைப் பொத்தியவர்கள் எத்தனையோ பேர். அப்போதெல்லாம் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். இப்போது கழுத்தைத் திருப்பக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

அவள் எட்டி, இரண்டு விரலால் அதை எடுத்தாள். தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

ஃபாதரின் முகம் சிவந்தது. நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். அவளுக்கு நன்றி சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தார்.

"ஏளா லட்சுமி, என்ன காரியம் பண்ணிட்ட?" என்றாள் ஷெர்லி. அப்புறம் ஃபாதர் பக்கம் திரும்பி, "இவ இன்னும் வேதத்துல சேரல ஃபாதர். ஞானஸ்நானமே வாங்கல," என்றாள்.

அவள் பெயர் செல்வலட்சுமி. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஆவுடையப்பனின் மகள். ஆயரிடம் அனுமதி வாங்கித்தான் ரோச் அவளைக் கோவிலில் கட்டினான். யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள், தலையில் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளாதே என்று அப்பா கேட்டதற்கு அவள் சரி சொல்லியிருந்தாள். அவர் செத்த பிறகும் அந்தச் சொல்லை மீறவில்லை. ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு நன்மை கிடையாது. ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழும்போது, முழங்காலை ஒருபக்கம் ஒதுக்கி அவர்களுக்கு வழிவிட்டு, பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஃபாதர் கடைசி ஆசீரை வேகமாகச் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரோச்சின் முகத்தையும் பார்க்கவில்லை. பெண்கள் விட்ட பாட்டைத் தொடராமலே எழுந்தார்கள். பெரிய சாமியாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வாசலில் ஷெர்லி சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது.

செல்வலட்சுமி தலையணை உறையை மாற்றினாள். அப்பாவுக்குக் கொடுத்த சொல்லை மீறிவிட்டோமா என்று யோசித்தாள். தலையில் தண்ணீர் படவில்லை.

ரோச்சின் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"எப்படி இருந்துச்சு?"

நன்மை வாங்கித் திரும்புகிறவர்கள் முகத்தை அவள் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். அவர்களைப் போலவே அவளும் கண்ணை மூடிக் காத்திருந்தாள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. நாக்கில் மருந்தின் கசப்பும் ரத்தத்தின் உப்பும் இருந்தன.

"உங்க வாய் மாதிரிதான் இருந்துச்சு," என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

சாவு நெருங்கிய வீட்டில் சாயங்காலம் செபமாலை சொல்ல அன்பியத்தார் வருவார்கள். அவள் பாயை விரித்து, கதவைத் திறந்தே வைத்திருந்தாள். தெருவில் ஐஸ் வண்டி போனது. விளக்குகள் எரிந்தன. யாரும் வரவில்லை.

கடைசியில் அவளே செபமாலையை எடுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மாதாவுக்கான மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை அவள் சொன்னாள். மரண வேளைக்காக மன்றாடுகிற மறுபாதிக்கு ரோச்சின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மணிகள் ஒவ்வொன்றாக விரலைத் தாண்டிப் போயின.

ஒரு மணியில் பதில் வரவில்லை.

அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவன் உதட்டருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

பிறகு மறுபாதியையும் தானே சொல்லிவிட்டு, அடுத்த மணியை எடுத்தாள்.