இறங்கிய நூல்

"நூல் மறுபடியும் இறங்கிடுச்சும்மா!" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தார் மேஸ்திரி.

ஓடு பதிக்குமுன் மொட்டை மாடித் தளத்தை மட்டப்படுத்த, நான்கு மூலையிலும் சுவரில் ஆணியடித்து அவர் கட்டிவைக்கும் நூல் அது. ஐந்து நாளாகக் காலையில் ஒரு விரற்கடை இறங்கியே கிடந்தது.

"பூனை ஏறி மிதிச்சிருக்கும்," என்றாள் வீட்டுக்கார அம்மாள், மாடியேறி வந்து டீயை நீட்டியபடி.

"முப்பது வருஷமா வேலை பார்க்கிறேன். நாலு மூலையையும் ஒரே அளவா இறக்கத் தெரிஞ்ச பூனையை இங்கதான்மா பார்க்கிறேன்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

மத்தியானம் வெளிநாட்டிலிருந்து மகள் போனில் பொரிந்து தள்ளினாள். "ரெண்டு நாள் வேலைம்மா இது! நீ தனியாத்தானே இருக்கேன்னு அந்த ஆளு இழுத்தடிக்கிறாரு. நாளையிலிருந்து வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்."

"ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லாதே. அவர் சரியாத்தான் கட்டறாரு."

"அப்புறம் எப்படி இறங்குது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் போனதும் நான்தான் நாலு ஆணியையும் பிடுங்கி, கீழே தள்ளி அடிக்கிறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? எதுக்கும்மா?"

"வேலை முடிஞ்சிட்டா அவரும் வர மாட்டாரேடி."