ஆள் குறையக் கூடாது

அந்த வீட்டின் மின்சாரப் பயன்பாடு ஆறே மாதத்தில் சரிபாதியாகக் குறைந்திருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்ததுமே அதிகாரிக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

மின்சிக்கன ஊக்கத்தொகை அலுவலகத்தில் அவருக்குக் கள ஆய்வு வேலை. ஆறு மாதத்தில் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் குடும்பத்துக்கு, மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுகிற செலவில் முக்கால் பங்கை அரசாங்கமே கொடுத்துவிடும். சும்மா கிடைக்கிறது என்றால் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒருவர் மீட்டர் மேல் காந்தத்தை ஒட்டிவைத்திருந்தார். இன்னொருவர் மாடிப்படி விளக்கிலிருந்து ஒயர் இழுத்து வாஷிங் மெஷின் ஓட்டினார். இரண்டு பேரையும் பிடித்தவர் இவர்தான்.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போனார். மீட்டரில் சீல் அப்படியே இருந்தது. ஒயரெல்லாம் ஒழுங்காக இருந்தது. கதவைத் திறந்த அம்மாள் ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்ப் புது பல்பு, புது மின்விசிறி எல்லாவற்றையும் காட்டினாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டே பேர் சார். நானும் அவரும்."

"அவர் எங்கே?"

"இப்பதான் வெளியே போனார்."

"என்ன வேலை பார்க்கறார்?"

"வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை. முன்னாடியெல்லாம் நாள் பூரா ஏசி ஓடும்."

"இப்போ?"

அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "இப்ப அவருக்கு ஏசி தேவைப்படறதில்லை சார்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு விதி உண்டு: குடும்பத்தில் ஆள் குறையக் கூடாது. ஆள் குறைந்ததால் மின்சாரம் குறைந்தால் அது சிக்கனக் கணக்கில் வராது. அதற்குக் கீழே, நான் இந்த வீட்டில்தான் வசிக்கிறேன் என்று கணவர் கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டிருந்தார் என்று அம்மாள் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போனார். "இப்பதான் சார் வெளியே போனார்." வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனார். "அடடா, இப்பதான் சார்."

"அவர் வேலை செய்யற இடத்தைப் பார்க்கலாமா?"

மேசை மேல் தூசி படிந்திருந்தது. நாற்காலியில் துவைத்த துணி குவிந்திருந்தது. ஏசி சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தது.

"வீடு ரொம்ப வெறிச்சுன்னு இருக்கேம்மா" என்றார் பேச்சுவாக்கில்.

"ஆரம்பத்துல எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. இப்ப அவர் இல்லாமலே பழகிருச்சு" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வந்துருவார் சார். வந்துருவார்."

அதிகாரி நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பகல் பூரா அந்த ஜன்னல்கிட்டதான் உக்காந்திருப்பார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஆறு மாசமா ஆளையே காணோம். அதுக்கு முன்னாடி தினம் சண்டை. கரன்ட் பில் வந்த அன்னிக்குத் தெருவே கேக்கும். 'ஒண்ணு இந்த வீட்ல ஏசி இருக்கணும், இல்லன்னா நீங்க இருக்கணும்'னு ஒரு நாள் கத்தினாங்க. அதோட சரி. அப்புறம் ஒரே அமைதி."

அதிகாரி மனதுக்குள் கணக்குப் போட்டார். ஏசி இன்னும் சுவரில்தான் இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அரை மணியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். சிக்கனம் கருதி ஊழியர் அறைகளில் பிற்பகலில் ஏசி போடுவதில்லை. மனு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் மட்டும்தான் அது ஓடும். எப்போதும் வெளியே சுற்றுகிற அதிகாரி அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததே இல்லை. இன்று அங்கே உட்கார்ந்து, வியர்வை அடங்க, நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். பேனல் காசுக்காகக் கட்டின புருஷனையே முடித்துவிட்டாளே!

போலீஸ்காரர் நான்கு பக்கத்தையும் புரட்டினார். "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும் சார். உங்க ஆபீஸ் ஆள் வேண்டாம், வெளி ஆளா இருந்தா நல்லது."

கூடத்து மூலையில் கண்ணாடி போட்ட ஒருவர் லேப்டாப்பில் மும்முரமாக இருந்தார். லேப்டாப்பும் இரண்டு செல்போனும் சுவர் பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. காலடியில் மூன்று எமர்ஜென்சி விளக்குகள். வெகுநாளாகக் காத்திருக்கிற மனுதாரர் போலிருக்கிறது என்று நினைத்தார் அதிகாரி.

"சார், ஒரு உதவி. இதுல ஒரு கையெழுத்து வேணும்."

"படிக்காம போட மாட்டேன். புத்தகம் பிழை திருத்தறதுதான் என் தொழில். பழக்கம் விடாது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார் அவர். நான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே ஒரு இடத்தில் வட்டம் போட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. செத்தவர் பேர்ல மட்டும் ஒரு எழுத்து தப்பு. சின்ன ல போட்டிருக்கீங்க, பெரிய ள வரணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வெச்ச பேர் சார் அது" என்றவர், மூலைக்குத் திரும்பிப் போய், சார்ஜ் ஏறி முடித்த செல்போனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எமர்ஜென்சி விளக்கைச் செருகினார்.