மொட்டைமாடித் தூண்

பாம்... பாம்...

வாசலில் கார் ஹாரன் கேட்டதும் இருதயநாதன் துள்ளி எழுந்தார்.

"வந்துட்டாங்க! ஆஷ்லின், ஜல்தி! அந்தக் குழாயைத் தூக்கி பாத்ரூம்ல வை!"

"குழாய் இல்லப்பா, டெலஸ்கோப்பு."

"பீரங்கியாவே இருக்கட்டும். முதல்ல மறை!"

கூடத்தின் நடுவில் பாய் மேல் ஆஷ்லினின் டெலஸ்கோப் படுத்திருந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததிலிருந்து அவள் அதன் பின்பக்கத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு கைடர் வாங்க வேண்டும். நட்சத்திரம் நகர நகர, டெலஸ்கோப்பும் பிசகாமல் கூடவே நகர்கிறதா என்று கண்காணித்து, தானே திருத்துகிற சின்ன கேமராதான் கைடர். அது இல்லாததால் அவள் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் எல்லாம் நீளநீளமாக இழுத்துக்கொண்டிருந்தன.

"வானத்துல மல்லாட்டை காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று அப்பாவே வேர்க்கடலையோடு ஒப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார்.

கைடரில் இரண்டு வகை. டெலஸ்கோப்பின் முதுகில் தனியாக ஒரு சின்னக் குழாயைக் கட்டி அதில் கேமராவைப் பொருத்துவது ஒன்று. பெரிய குழாய்க்குள் வருகிற வெளிச்சத்திலேயே கொஞ்சத்தைத் திருப்பி கேமராவுக்குக் கொடுப்பது இன்னொன்று. எதை வாங்குவது? நட்சத்திரப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'அறுமீன்' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லித்தருவார். 'எது வாங்கட்டும் சார்?' என்று நேற்று அவருக்கு எழுதியிருந்தாள். இன்னும் பதில் வரவில்லை.

"கைடரும் வேணாம், கிய்டரும் வேணாம்." இருதயநாதன் குரலைத் தாழ்த்தினார். "கண்டாச்சிபுரத்துக்காரங்க இன்னா சொல்லிட்டுப் போனாங்க? ராத்திரியெல்லாம் மொட்டைமாடியில நிக்கிற பொண்ணு எங்களுக்கு வேணாம்னாங்க. இதுவும் தட்டிப்போனா உங்கம்மா தாங்க மாட்டா. இன்னிக்கு அதைப் பத்தி வாயைத் தொறக்காத."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்புறமும் தொறக்காத. வித்துடலாம்."

ஆஷ்லின் எழுந்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல் டெலஸ்கோப்பை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

விழுப்புரத்திலிருந்து இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆண்டோ, அவனுடைய அம்மா செபஸ்தியம்மாள். அந்த அம்மாள் கையில் ஜெபமாலை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. ஆண்டோ மட்டும் ஆஷ்லினைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான். அவளுக்கும் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதுதான் சிக்கல். இவனா, வானமா?

"திண்டிவனத்துல எங்களை உங்களுக்கு யாரு சொன்னாங்கம்மா?" இருதயநாதன் மெல்லக் கேட்டார்.

"பொண்ணைத் தெரிஞ்சவங்கதான்." செபஸ்தியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மாடியைப் பார்க்கலாமா?"

"மாடியா? வெயிலு கொளுத்துதுங்களே!"

அதற்குள் அந்த அம்மாள் படியேறத் தொடங்கிவிட்டார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மொட்டைமாடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தூண் நின்றது. டெலஸ்கோப்பை மாட்டுவதற்காக ஆஷ்லின் கட்டவைத்தது. அதை மட்டும் பாத்ரூமில் ஒளிக்க முடியவில்லை.

"இது என்னங்க?"

"அது வந்து... மாதா சொரூபம் வைக்கலாம்னு..."

இருதயநாதன் சொன்னதைக் கேட்டு, பின்னால் நின்ற அவர் மனைவி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

செபஸ்தியம்மாள் தூணைத் தட்டினார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து வடக்கு வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப பக்தி போலிருக்கு. தப்பிச்சோம்" என்று இருதயநாதன் மனைவியின் காதில் சொன்னார்.

"மாதாவுக்கு எதுக்குங்க மேல நாலு போல்ட்டு?" என்று கேட்டார் செபஸ்தியம்மாள்.

"புயல் வந்தா மாதா விழுந்துடக் கூடாதுங்களே!"

ஆண்டோ சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"போதும்ப்பா" என்றாள் ஆஷ்லின். "ஆன்ட்டி, அப்பா சொல்றது பொய். மாதா மேல பாரத்தைப் போட்டு என்னால பொய் சொல்ல முடியாது. இது டெலஸ்கோப்புக்காகக் கட்டினது. ராத்திரி முழிச்சு நட்சத்திரத்தைப் போட்டோ எடுப்பேன். கல்யாணம் ஆனாலும் எடுப்பேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

இருதயநாதன் கண்களை மூடிக்கொண்டார்.

செபஸ்தியம்மாளின் முகம் இறுகியது.

"அந்த டெலஸ்கோப் இப்ப எங்க?"

"பா... பாத்ரூம்ல."

"ஈரத்துலயா வச்சிருக்க? கண்ணாடியில பூஞ்சை புடிச்சா என்ன பண்ணுவ? ஓடு, எடுத்துக்கினு வா!"

அதட்டலில் அரண்டு படிப்பக்கம் ஓடிய ஆஷ்லினை, அந்தக் குரலே மறுபடி நிறுத்தியது. இப்போது அதில் சிரிப்பு இருந்தது.

"நேத்து கேட்டியே, தனிக் குழாய் வேணாம், அந்த இன்னொரு வகையையே வாங்கு. அப்புறம், இனிமே குரூப்புல என்னை சார்னு கூப்பிடாத, அத்தைன்னு கூப்பிடு!"