வினாடிக்கு இருநூற்று நாற்பது

திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மவுஸ் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது தன் மூன்று விசிறிகளும் அலற ஒரு கார் பந்தய விளையாட்டை வரைந்துகொண்டிருந்தது.

மேசைக்குப் புதிதாக வந்த மானிட்டர் வினாடிக்கு இருநூற்று நாற்பது தடவை படம் மாற்றும். அந்தப் பெருமையை வினாடிக்கு ஒரு தடவையாவது சொல்லும். பழைய கார்டோ, முக்கி முனகினாலும் தொண்ணூறு படம்தான் தரும்.

"தம்பி, உன் மெனுவில் அடாப்டிவ் சிங்க் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால், நான் படத்தை முடித்துத் தரும்வரை நீ காத்திருப்பாய். இப்போது பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறாய். காரின் கூரை ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் போகிறது" என்றது கார்டு.

"காத்திருப்பதெல்லாம் வினாடிக்கு அறுபது படமே காட்டும் அறுபது ஹெர்ட்ஸ்காரர்களுக்கு, அண்ணே. என் வேகத்தில் கிழிசல் யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றது மானிட்டர்.

"எனக்குத் தெரிகிறது" என்றது மவுஸ்.

"நீ தரையைப் பார்த்தே நடக்கிற ஆள். உனக்கென்ன தெரியும்?"

கார்டு பெருமூச்சு விட்டது. "பரிமாறுகிறவன் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு, எவ்வளவு வேகமாகச் சாப்பிட்டேன் பார் என்கிறாய்."

"பரிமாறத் தெரியாதவன் பந்திக்கு ஏன் வந்தான்?"

கார்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருநூற்று நாற்பதைப் பிடித்தே தீருவதென்று ஓடியது. நூற்று முப்பத்தொன்றில் கருகல் வாடை வந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. 'சிக்னல் இல்லை' என்ற இரண்டு சொற்களை வினாடிக்கு இருநூற்று நாற்பது தடவை, ஒரு கிழிசலும் இல்லாமல் காட்டிக்கொண்டிருக்கிறது.