எமரி எழுதிய கட்டுரை

விசாரணை அறைக்கு வெளியே கோச் ஹாலிஸ் குனிந்து எமரியின் டையை முடிந்துவிட்டார். டையே அவருடையதுதான். பையன் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று காகிதத்தில் சுற்றிய சூடான சாஸேஜ் ரொட்டி வேறு வாங்கி வந்திருந்தார்.

"ஏண்டா கை இப்படி நடுங்குது? நான் இருக்கேன்ல?"

"நானேதான் எழுதினேன், கோச்."

"எனக்குத் தெரியாதா? உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க நம்பணுமே."

வரலாற்றுப் பாடத்துக்கு எமரி கொடுத்த இருபது பக்கக் கட்டுரை அவன் எழுதியதே அல்ல என்பது புகார். புகார் என்றால் மொட்டைக் கடிதாசி. டீன் அறையின் கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிற பையன்களுக்குக் கட்டுரை எங்கிருந்து வருகிறது என்பது ஆர்கன்ஸா மாநிலம் முழுக்கத் தெரிந்த ரகசியம். போன வருஷம் ஒரே கட்டுரையை மூன்று பேர் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மற்றவன் பெயரைக்கூட மாற்றவில்லை. மூன்று பேருமே பாஸ். அப்போதெல்லாம் மொட்டைக் கடிதாசி எழுத ஒருத்தருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

எமரியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், முழங்கால் உடைகிற வரை. நவம்பரில் உடைந்தது. இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தான், அப்புறம் ஊன்றுகோலும் கையுமாக நூலகத்தில் கிடந்தான். பொழுது போகாமல் படிக்க ஆரம்பித்தவனுக்குப் படிப்பு பிடித்துப்போய்விட்டது. அம்மா வேலை பார்க்கும் கோழி ஆலையில் அந்தக் காலத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைத் தோண்டித் துருவி எழுதினான். பட்டம் வாங்கிப் பள்ளிக்கூட வாத்தியாராகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தான். அவனுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவனைத் தேற்றியதும் கோச்தான்.

"இனிமே ஆட முடியாதுன்னுட்டாரா டாக்டர்? போகட்டும் விடுடா. நம்ம டீம்ல பதிமூணு பேருக்குத்தான் இலவசப் படிப்பு, அதுல நீ ஒருத்தன். காலு போச்சுன்னு அதைப் பிடுங்க முடியாது, ரூலே அப்படி. நானே நெனச்சாலும் முடியாது!" என்று சொல்லி, கட்டுப் போட்ட காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

உள்ளே டீன் வின்ஸ்லோ அம்மையார் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கயே உட்கார்ந்து, இதே விஷயத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் காட்டறியாப்பா?"

எமரியின் முகம் மலர்ந்தது. "பேப்பர் குடுங்க மேடம்!"

"ஒரே நிமிஷம்" என்று கோச் எழுந்து, அவன் தோளில் கை போட்டு வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

"வேணாம்டா. நீ ஒரு இடத்துல தடுமாறினாலும் நடீன் தலைதான் உருளும். உனக்கு டியூஷன் எடுத்தவ அவதானே? அவதான் எழுதிக் குடுத்தான்னு பிடிச்சுக்குவாங்க. ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டு ஒண்டியா நிக்கிறா, பாவம்."

"நான் தடுமாற மாட்டேன் கோச்."

"கைய நீட்டு, பாப்போம். இந்தக் கையை வச்சுக்கிட்டா எழுதப்போற? வெளியில யாருகிட்டயோ எழுதி வாங்கினேன்னு ஒத்துக்க. முதல் தப்பு, எச்சரிச்சு விட்டுடுவாங்க. நான் பேசிட்டேன்."

எமரி அவர் முகத்தையே பார்த்தான். அவனுக்கு அப்பா இல்லை. அவன் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தபோது வீடு தேடி வந்து, அம்மா பொரித்த கெளுத்தி மீனை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "உங்க பையன் பட்டத்தோடதான்மா திரும்பி வருவான்" என்று சத்தியம் செய்தவர் இவர்தான். உள்ளே போனான், கோச் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

டீன் அம்மையார் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி ஆகும்னு நான் எதிர்பார்க்கலப்பா. ஏமாத்தினேன்னு நீயே எழுதிக் குடுத்ததுக்கப்புறம், இலவசப் படிப்பை நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணிடு."

"அநியாயம் மேடம்!" கோச் மேஜையைக் குத்தினார். குரல் உடைந்துவிட்டது.

வெளியே வந்ததும் எமரி டையைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தான்.

"நீங்க மனசு விட்றாதீங்க கோச். பெத்த அப்பன்கூட இவ்வளவு தூரம் நின்னிருக்க மாட்டான். ஒண்ணே ஒண்ணு... நான் ஏமாத்தலன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க."

"இப்பவே சொல்றேண்டா, ராஜா."

எமரி காலைத் தாங்கித் தாங்கி நடந்து போனான். அவன் படியிறங்கி மறைகிற வரை காத்திருந்துவிட்டு, கோச் ஹாலிஸ் போனை எடுத்தார். மறுமுனையில் பேசியது மெம்பிஸ் நகரத்து ஆள் ஒருவர். பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும் அவர் மகன் ஆறடி பதினோரு அங்குலம்.

"சொன்ன மாதிரியே உங்க பையனுக்கு ஒரு இடத்தைக் காலி பண்ணிட்டேங்க!"