காரின் மேல் சிலந்தி வலை

“அப்பா, நம்ம கார் மேல யாருப்பா சிலந்தி வலை வரைஞ்சது?”

ஒரு சனிக்கிழமை வெயிலில் நின்று மகள் கேட்ட கேள்வி அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான அப்பா குனிந்து பார்த்தார். கறுப்பு பானெட் முழுக்க மயிரிழை போன்ற வட்டக் கீறல்கள், வெயில் பட்டதும் வலையாக மின்னின.

அன்று மாலையே நண்பனின் கார் சாமான் கடைக்குப் போனார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இப்போது ஊருக்கே அவன் பெயர் ‘பாலிஷ்’.

“வீட்டுலயே நானே பாலிஷ் போடப் போறேன்டா. அந்தப் பெரிய மெஷினை எடு.”

“அது ஒரே சுத்தா சுத்தும். வேலை சீக்கிரம் முடியும். ஆனா ஒரு இடத்துல அசந்து நின்னா பெயின்ட்டையே பொசுக்கிடும். கை பழகாதவனுக்கு அதை நான் விக்க மாட்டேன்.” பாலிஷ் சின்னதாக ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். “இது சுத்திக்கிட்டே ஆடும். முரட்டுத்தனமா அழுத்தினா சுத்தறதை நிறுத்திக்கும். முதல் மெஷின்னா இதுதான் மாப்ளே.”

“பொம்மை மாதிரி இருக்கே!”

“நீ மட்டும் என்ன, பயில்வானா?”

ஞாயிறு முழுக்க, ஓரங்களில் டேப் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். மாலையில் பானெட்டில் அவர் முகமே தெரிந்தது. மகள் கைதட்டினாள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினார். போன வருஷம் கால் அறுவைக்குப் பிறகு, அந்த மனிதரை மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியது இந்த வண்டிதான்.

“இது எப்பவும் இப்படியே இருக்கணும் தம்பி” என்றார் அந்தம்மா.

இருக்கவில்லை. மூன்றே வாரத்தில் வலை திரும்பி வந்தது.

பாலிஷின் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, மெஷினை மேஜையில் டொப்பென்று வைத்தார் கண்ணாடிக் கடைக்காரர். “நல்ல மெஷினை ஒளிச்சு வச்சுக்கிட்டு, விக்காத சரக்கை என் தலையில கட்டிட்டே இல்ல?”

பாலிஷ் வாசலுக்கு வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தான். “மெஷின் மேல தப்பு இல்லடா. தெருவுலயே நிக்கிற வண்டி. மேல ஒரு பொட்டுத் தூசி இல்ல. எப்படின்னு யோசிச்சியா? நீ தினம் துடைக்கிறியா?”

“எனக்கு ஏது நேரம்? சனிக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவறதோட சரி. பேச்சை மாத்தாதே! ஊரான் ஏமாத்தியிருந்தா பரவாயில்ல. நீ ஏமாத்திட்டியேடா. இனிமே உன் கடைப் படி ஏற மாட்டேன்.”

பாலிஷ் மேஜைக்குத் திரும்பினான். மெஷினை எடுத்து, தேய்த்தபோது அதன் மேல் படிந்திருந்த பொடியைத் துணியால் ஒற்றி, பத்திரமாக ஒரு பக்கம் வைத்தான்.

தினமும் சாப்பிடுவதற்கு முன் வேண்டியவர்கள் பெயரையெல்லாம் சொல்லி, அவர்களுக்காக வேண்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். அன்று முடித்ததும் மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா, பாலிஷ் மாமாவை விட்டுட்டீங்க.”

“சாப்பிடு” என்றார். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர், புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

“ஐயோ, அப்படித் துடைக்காதீங்க சார்! தூசியோட வறட்டுத் துணியால தேச்சா வட்ட வட்டமா கீறல் விழும்” என்று மெத்தென்ற சின்னத் துணி ஒன்றை நீட்டினார். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வசனம். இந்த முறை சொன்னவர் காதிலேயே அது விழுந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது.

யாரோ வண்டியை வறட்டுத் துணியால் தேய்க்கிறார்கள், அதுவும் வேண்டுமென்றே. யாரது? மறுநாள் விடியும் முன்பே எழுந்து, கையில் கம்புடன் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். பத்து நிமிஷம் போயிருக்கும். வெளியே பார்த்தவர் கம்பைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார். கதவைத் திறக்கவில்லை.

கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே, ஏற மாட்டேன் என்ற படியில் உட்கார்ந்திருந்தார். பாலிஷ் வந்து பார்த்தும் பார்க்காதது போல ஷட்டரைத் தூக்கினான்.

“மாப்ளே, என்னை நாலு திட்டு திட்டிடு.”

“எதுக்கு?”

“மெஷின் மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல.”

பாலிஷ் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினான். “உட்காரு. அப்ப கையும் களவுமா பிடிச்சிட்டே. யாருடா அந்தப் படுபாவி? நல்லா நாலு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது. உன்கிட்ட இருக்கறதிலேயே மெத்துன்னு பெரிய துணியா நாலு குடு. அவங்க துணி வைக்கிற இடத்துல, அவங்களுக்குத் தெரியாம மாத்தி வச்சிடறேன்.”

“கீறினவங்களுக்குப் பரிசு வேறயா? யாருன்னு சொல்லுடா!”

கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தது கண்களைத்தான்.

“எதிர்வீட்டுத் தையல்காரம்மா. விடியறதுக்கு முன்னால வந்து, செருப்பைக் கழட்டி வச்சுட்டு, வெட்டுத் துணியால நம்ம வண்டியைத் துடைச்சிட்டுப் போறாங்க.”